சபாபதி தாத்தா வருகிறார்: இரண்டாம் பாகத்தை ரசிக்க ஒரு வழிகாட்டி

இரண்டாம் பாகம் பார்க்கக் கிளம்புகிறவர்கள் செய்யவே கூடாத காரியம் ஒன்று உண்டு: முந்தின நாள் ராத்திரி உட்கார்ந்து முதல் பாகத்தைப் போட்டுப் பார்ப்பது. நல்ல பிள்ளைகள் எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள். மறுநாள் இடைவேளையில் முகம் வெளிறி வெளியே வருகிறவர்களும் அவர்களேதான். முதல் பாகம் ஒரு சாட்சி. சாட்சியைக் கையோடு கூட்டிக்கொண்டுபோய்ப் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்தால் எந்தப் படம்தான் தாங்கும்?

‘இந்தியன் 2’ விஷயத்தில் நடந்தது அதுதான். படம் 2024 ஜூலை 12 அன்று வந்தது. அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் 1996-ன் ‘இந்தியன்’ தியேட்டர்களில் மறுவெளியீடு கண்டது. சேனாபதி யார், அவர் எப்படிப்பட்டவர் என்பதைப் பெரிய திரையில் ஊருக்கே ஒருமுறை நினைவூட்டிவிட்டு, கையோடு இந்தத் தாத்தாவைக் கொண்டுவந்து நிறுத்தினால் எப்படி?

முதல் பாகத்துச் சேனாபதி லேசுப்பட்ட ஆள் இல்லை. நேதாஜியின் படையில் இருந்தவர். இரண்டு விரலால் ஆளை முடக்கிப்போடும் வர்மக்கலை ஆசான். தீக்காயத்தோடு உயிருக்குப் போராடும் மகள் கஸ்தூரிக்கு வைத்தியம் பார்க்க லஞ்சம் கேட்கிறார்கள், கொடுக்க மாட்டேன் என்கிறார், மகள் போய்விடுகிறாள். அந்த மருத்துவரைத் தொலைக்காட்சி நேரலையில் நாடே பார்க்கக் கொல்கிறார். இதோடு நின்றிருந்தால் அது வழக்கமான பழிவாங்கும் கதை. மகன் சந்துரு, பிரேக் இன்ஸ்பெக்டர், காசு வாங்கிக்கொண்டு ஓட்டை பஸ்ஸுக்குச் சான்றிதழ் கொடுக்கிறான். பள்ளிக் குழந்தைகள் சாகிறார்கள். பெற்றவள் கெஞ்சுகிறாள், கட்டிக்கொள்ள இருப்பவள் கெஞ்சுகிறாள். கிழவர் மசியவில்லை, மகனையும் கொல்கிறார். மகளுக்கு ஒரு நியாயம், மகனுக்கு ஒரு நியாயம் என்று அவரிடம் கிடையாது. சுஜாதா வசனம் எழுதிய மனிதர் அவர், அளந்துதான் பேசுவார். பண்டிகைக்குப் பண்டிகை டிவியில் பார்த்துப் பார்த்து, சேனாபதிக்கு எப்போது கோபம் வரும், எப்போது வராது என்பது அவரைப் பெற்றவர்களைவிட நமக்கு நன்றாகத் தெரியும்.

இரண்டாம் பாகத்தில் அவர் தைபேயில் இருக்கிறார். யூடியூப் சேனல் நடத்தும் நாலு இளைஞர்கள் ‘கம்பேக் இந்தியன்’ என்று கூப்பிட, வருகிறார். ஃபேஸ்புக் நேரலையில் பேசுகிறார். நாட்டில் இருக்கும் களையை நான் பார்த்துக்கொள்கிறேன், உங்கள் வீட்டுக்குள் இருக்கும் களையை நீங்கள் பிடுங்குங்கள் என்பது அதன் சாரம். பிள்ளைகள் பெற்றோரைப் பிடித்துக் கொடுக்கிறார்கள். சித்தார்த் நடித்த சித்ரா அரவிந்தன், லஞ்ச ஒழிப்புத் துறையில் வேலை பார்த்துக்கொண்டே லஞ்சம் வாங்கும் தன் அப்பாவை மாட்டிவிடுகிறான். அம்மா உயிரை மாய்த்துக்கொள்கிறாள். ‘கம்பேக்’ மறுவாரமே ‘கோபேக்’ ஆகிறது.

இந்த யோசனை நல்ல யோசனை என்பதை இங்கே சொல்லாவிட்டால் பாவம் சேரும். கூப்பிட்ட ஜனமே விரட்டுகிறது; ஊரைத் திருத்தக் கிளம்பியவன் வீட்டில் இழவு விழுகிறது. ஒரு முழுப் படத்துக்கான சரக்கு அது. ஆனால் அப்படி ஒரு வீட்டில் இழவு விழுந்தால் எப்படி இருக்கும் என்று தெரிந்த ஒரே மனிதர் அந்தக் கதையில் சேனாபதிதான். சந்துருவின் அப்பா, அடுத்த வீட்டுப் பையனிடம் “உன் அப்பனைப் பிடித்துக் கொடு” என்று சொல்லும்போது தொண்டை ஒரு தடவையாவது அடைக்க வேண்டாமா? எனக்குக் கேட்டவரை அடைக்கவில்லை. 1996-ல் தன் வீட்டைத் தானே சுத்தம் செய்து, அதன் விலையையும் தானே கொடுத்தவர், இப்போது வேலையை ஊருக்குப் பிரித்துக் கொடுக்கிறார்.

ஆகவே சாட்சியை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். முதல் பாகத்தைக் கடைசியாகப் பார்த்து எத்தனை வருஷம் ஆகிறதோ, இரண்டாம் பாகத்தில் அத்தனை சந்தோஷம்.

பெயரை மாற்றுங்கள்

மறக்க முடியாதவர்களுக்கு வேறு ஒரு முறை இருக்கிறது. இதைக் கண்டுபிடித்தவர் ஒரு நடிகர்.

1983-ல் வந்த ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடாய்’ படத்தில் லூக் ஸ்கைவாக்கர் தன் அப்பா டார்த் வேடரோடு வாள் சண்டை போடுகிறான். அப்பா அண்டசராசரத்துக்கே வில்லன். அடித்துச் சாய்த்துவிட்டு, முடிக்க வேண்டிய நேரத்தில் வாளைத் தூக்கி எறிகிறான் லூக். கொல்ல மாட்டேன், உங்களுக்குள் நல்லவர் ஒருவர் இருக்கிறார் என்கிறான். 34 வருஷம் கழித்து, 2017 டிசம்பரில் ‘தி லாஸ்ட் ஜெடாய்’ வந்தது. அதில் அதே லூக், ராத்திரி தூங்கிக்கொண்டிருக்கும் தன் உடன்பிறந்தவள் மகன் தலைமாட்டில், இவன் பின்னாளில் கெட்டுப்போவான் என்ற பயத்தில், ஒளிவாளை ஏற்றிக்கொண்டு நிற்கிறார். ஒரு கணம்தான், உடனே வெட்கப்படுகிறார். ஆனால் பையன் கண்ணைத் திறந்துவிட்டான், குடி முழுகிவிட்டது. உலகம் முழுக்க ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் சண்டை போட்டார்கள். தமிழ் ரசிகனுக்கு அந்த விவாதமே தேவையில்லை. தாய்மாமன் செய்கிற காரியமா அது? காது குத்துக்குச் சீர் கொண்டுவர வேண்டிய கை!

லூக்காக நடித்த மார்க் ஹாமிலுக்கே அந்தக் கதை ஒப்பவில்லை. இயக்குநர் ரையன் ஜான்சன் எழுதிய லூக்கோடு தனக்கு அடிப்படையிலேயே கருத்து வேறுபாடு என்று பேட்டிகளில் வெளிப்படையாகச் சொன்னார். (பிறகு, அதை வெளியில் சொல்லியிருக்க வேண்டாம் என்று வருந்தவும் செய்தார்.) அப்படியானால் எப்படி நடித்தார்? இவன் லூக் இல்லை, வேறு ஒருத்தன், இவன் பெயர் ஜேக் ஸ்கைவாக்கர் என்று நினைத்துக்கொண்டாராம்.

பார்வையாளர்களுக்கு இதைவிடச் சிறந்த மருந்து கிடையாது. திரையில் வருகிறவர் சேனாபதி இல்லை. அவருடைய ஒன்றுவிட்ட தம்பி சபாபதி. வைத்துக்கொண்டு பாருங்கள், எல்லாம் நேராகிவிடும். அண்ணனைப்போலவே முகவெட்டு, அண்ணன் பெயரைச் சொல்லிப் பிழைக்கிறார். அண்ணன் பேச மாட்டார், தம்பிக்கு மைக் என்றால் உயிர். அண்ணனிடம் வர்மத்தை முழுசாகக் கற்றுக்கொள்ளாமல் பாதியில் தைபேக்குக் கப்பலேறியவர். அதனால்தான் இவர் விரல் வைத்தால் ஆள் சுருண்டு விழாமல் குதிரைபோல ஓடிக்கொண்டே இருக்கிறான். சபாபதி தாத்தா ஒற்றைச் சக்கர வண்டியில் பறந்தாலும் நமக்கு என்ன போயிற்று? தம்பிமார்கள் அப்படித்தான்.

இரட்டை வேடத்தோடு வளர்ந்தவர்கள் நாம் என்பதால் இந்தப் பயிற்சி நமக்கு எளிது. முதல் பாகத்திலேயே அப்பாவும் கமல், பிள்ளையும் கமல். மூன்றாவதாக ஒருவரைச் சேர்ப்பதில் சிரமம் இருக்காது. ஒரே எச்சரிக்கை: நடுவில் பழைய கதையை யாராவது நினைவூட்டினால் உடனே கண்ணை மூடிக்கொள்ளவும். சபாபதி கலைந்துவிடுவார்.

கணக்கு தெரிந்தவர்களோடு போகாதீர்கள்

நேதாஜி இந்திய தேசிய ராணுவத்தின் தலைமையை ஏற்றது 1943-ல். அப்போது சேனாபதிக்கு 20 வயது என்றே வைத்துக்கொண்டாலும் 2024-ல் 101. படத்துக்கு அதில் கூச்சம் கிடையாது, நமக்கும் வேண்டாம். வர்மம், யோகம், அளவான சாப்பாடு. சரி, நம்புகிறோம். இதைக் குணமாற்றத்தில் சேர்க்கக் கூடாது, இது வயது. தமிழ் ரசிகன் வயதுக் கணக்கு கேட்பதை நிறுத்தி ரொம்ப காலம் ஆகிறது.

ஆனால் பக்கத்தில் ஒரு கணக்குப் புலி உட்கார்ந்திருந்தால் நம் நிம்மதி போய்விடும். 2003-ல் ‘சாமி’ வந்தபோது ஆறுச்சாமிக்கும் புவனாவுக்கும் அப்போதுதான் கல்யாணம். 2018-ல் ‘சாமி ஸ்கொயர்’ வந்தபோது அவர்கள் பிள்ளை ஐ.பி.எஸ். அதிகாரி. பதினைந்தே வருஷம்! கதைக்குள் அதற்கு ஏதோ ஒரு காலக்கணக்கு இருக்கத்தான் செய்கிறது. புலியிடம் அதைச் சொல்லிப் பயனில்லை. புவனாவும், முதல் படத்தில் த்ரிஷாவாக இருந்தவர், இதில் ஐஸ்வர்யா ராஜேஷாகிவிட்டார். இதற்கெல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்தால் படம் பார்க்க முடியாது.

யாரோடு போவது? முதல் பாகம் வந்தபோது பிறக்காத ஒரு பிள்ளையோடு போவது உத்தமம். அக்கா மகனோ தம்பி மகளோ, யார் கிடைத்தாலும் சரி. அவர்களுக்குச் சேனாபதி ஒரு மீம். எதிர்பார்ப்பு இல்லாதவன் பக்கத்தில் உட்கார்ந்தால் அந்தக் குளிர்ச்சி நமக்கும் ஒட்டும். ஆபத்தான கேள்விகள் வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

“மாமா, இந்தத் தாத்தா நல்லவரா கெட்டவரா?”

“நல்லவர்டா.”

“அப்புறம் ஏன் எல்லாரும் திட்றாங்க?”

“பாப்கார்ன் ஆறிடும், சாப்பிடு.”

பதில் தெரியாத மாமாவுக்குத் தியேட்டர்காரர்கள் பாப்கார்ன் விற்பது இதற்காகத்தான். விலையைப் பற்றி இந்த வழிகாட்டி பேசாது.

நோயா, பேயா?

பிடிவாதக்காரர்களுக்கான பாடம் இது. ‘சந்திரமுகி’ 2005 ஏப்ரலில் வந்தது. சென்னை சாந்தி தியேட்டரில் 800 நாளைத் தாண்டி ஓடியது. அந்தப் படத்தின் உயிரே ஒரே ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது: அரண்மனையில் பேய் கிடையாது. கங்காவுக்கு வந்திருப்பது மனநோய். அமெரிக்காவிலிருந்து வந்த மனநல மருத்துவர் சரவணன் அதைக் கண்டுபிடிக்கிறார். மந்திரவாதி முறையையும் மருத்துவ முறையையும் சேர்த்துப் பொம்மையை மாற்றி வைத்துக் குணப்படுத்துகிறார். 1993-ல் ஃபாசில் எடுத்த மலையாள ‘மணிச்சித்திரத்தாழ்’ தொட்டு இந்தக் கதை மொழி மொழியாகப் போனதற்கும் அதுதான் காரணம். பேய்ப் படம்போல் பயமுறுத்திவிட்டு, பேய் இல்லை என்று சொல்லும் துணிச்சல்.

2023 செப்டம்பரில் அதே பி. வாசு எடுத்த ‘சந்திரமுகி 2’ வந்தது. பேய் இருக்கிறது. நிஜப் பேய். சந்திரமுகி ஒரு பெண்ணுக்குள் புகுகிறாள், வேட்டையன் நாயகனுக்குள் புகுகிறார். போதாக்குறைக்கு நாம் இத்தனை நாள் ‘லக லக’ என்று கொண்டாடிய வேட்டையன் வேட்டையனே இல்லையாம். ராஜாவைக் கொன்றுவிட்டு அவர் பெயரில் உட்கார்ந்த தளபதி செங்கோட்டையனாம். ஒரு மனிதரின் குணத்தை மாற்றுவது ஒரு ரகம். இங்கே ஒரு படத்தின் முடிவையே மாற்றிவிட்டார்கள். டாக்டர் சரவணன் இப்போது எங்கே இருக்கிறாரோ, பட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விபூதிக் கடை வைத்திருப்பார் என்று எனக்கொரு கற்பனை.

இதை ரசிக்க வழி உண்டா? உண்டு. முதல் பாகத்தில் மாடியில் ஒரு பெரிய பாம்பு உலாவுமே, ஞாபகம் இருக்கிறதா? கடைசியில் அது பாட்டுக்கு ஊர்ந்து வெளியேறும். அது எந்த மனநோய்? சரவணன் அதற்கு விளக்கம் சொன்னதாக நினைவில்லை. அந்தப் பாம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். “அப்பவே கோடு போட்டுக் காட்டினாங்கப்பா” என்று டீக்கடையில் சொல்லலாம். சொன்னால் நாலு பேர் தலையாட்டுவார்கள். அதற்கு மேலும் மனம் ஒப்பாவிட்டால் வடிவேலுவின் முருகேசனை மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள். இரண்டு பாகத்திலும் பயத்தில் குணம் மாறாத ஒரே ஜீவன்.

கல்லாகும் பயிற்சி

எதற்குமே மசியாத ரசிகர்களுக்கு நம் இலக்கியம் கைகொடுக்கிறது. இரண்டாம் பாகச் சிக்கல் ‘இந்தியன் 2’ தயாரித்த லைகாவோடு தொடங்கியது இல்லை. கம்பர் ராமனுக்குப் பட்டாபிஷேகம் செய்து வைத்துவிட்டுப் பேனாவை, மன்னிக்கவும், எழுத்தாணியைக் கீழே வைத்துவிட்டார். அதற்கு மேல் சீதையைக் காட்டுக்கு அனுப்புகிற உத்தரகாண்டம் அவர் பாடவில்லை. அதை ஒட்டக்கூத்தர் பேரில் ஏற்றிச் சொல்வது மரபு. தயாரிப்பாளர் சடையப்ப வள்ளல் வற்புறுத்தவில்லையா, கம்பருக்கே மனசில்லையா என்று நாம் ஆராய வேண்டாம். எங்கே நிறுத்துவது என்று தெரிந்தவரை நாம் கவிச்சக்கரவர்த்தி என்கிறோம், அவ்வளவுதான்.

குணத்துக்கு ஒவ்வாத ஒரு திருப்பத்தை எதிர்த்து ஒரு பாத்திரமே செய்த போராட்டமும் நம்மிடம் இருக்கிறது. புதுமைப்பித்தனின் ‘சாப விமோசனம்’ கதையில், ராமன் கால் பட்டுப் பெண்ணான அகலிகைக்கு, அதே ராமன் சீதையை நெருப்பில் இறங்கச் சொன்ன செய்தி வருகிறது. தனக்கு ஒரு நீதி, சீதைக்கு ஒரு நீதியா என்று அவளுக்குத் தாங்கவில்லை. மீண்டும் கல்லாகிவிடுகிறாள். தமிழின் தலைசிறந்த ரசிகை அவள்தான் என்பேன். நாயகனின் குணம் பிசகியதும் விசிலடிக்கவில்லை, நாற்காலியைக் கிழிக்கவில்லை, பாதியில் எழுந்தும் போகவில்லை.

இதைத் தியேட்டரில் செய்வது சுலபம். இரண்டாம் பாதி தொடங்கியதும் கால் இரண்டையும் நேராக வைத்து, கையைக் கைப்பிடியில் ஊன்றி, கண்ணைத் திரைக்கு ஒரு சாண் மேலே நிறுத்துங்கள். ஏசி குளிர் உதவும். சண்டைக் காட்சியில் லேசாக உயிர் வரலாம், தப்பில்லை. அனிருத் பாட்டு வந்தால் விரல் தாளம் போடலாம். வசனம் தொடங்கியதும் மறுபடி கல். படம் முடிந்து யார் கால் பட்டாவது எழுந்துகொள்வீர்கள். பெரும்பாலும் தியேட்டரைப் பெருக்க வருகிற அம்மாவாக இருக்கும்.

கல்லாக மனமில்லாதவர்கள் காத்திருக்கலாம். ‘இந்தியன் 2’ மூன்று மணி நேரப் படமாக வந்து, சில நாளிலேயே 12 நிமிஷம் வெட்டப்பட்டது. முதல் நாள் முதல் காட்சிக்கு விடியற்காலையில் குளித்துவிட்டுப் போனவர்களுக்கு அந்த 12 நிமிஷமும் கிடைத்தது. பொறுமையாகப் போனவர்களுக்கு அந்த நேரம் வாழ்நாளில் கூடியது. ஓடிடி வரைக்கும் பொறுத்தவர்கள் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு தங்கள் விருப்பப்படி வெட்டிக்கொண்டார்கள். நல்ல எடிட்டர் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்.

விதிவிலக்குகள்

வழிகாட்டியே தேவைப்படாத இரண்டாம் பாகங்களும் உண்டு. குணம் மாறினால்தானே கோபம் வருகிறது, அப்படியானால் 1991-ன் ‘டெர்மினேட்டர் 2’-வை ஏன் யாரும் திட்டவில்லை? முதல் பாகத்தில் சாரா என்ற பெண்ணைக் கொல்ல வந்த எந்திரம், இரண்டாம் பாகத்தில் அவள் மகனைக் காப்பாற்ற வருகிறது. இதைவிடப் பெரிய தலைகீழ் மாற்றம் கிடையாது. ஆனால் ஒரே வரியில் காரணம் சொல்லிவிட்டார்கள்: எதிர்காலத்தில் அந்தப் பையனே வளர்ந்து, எந்திரத்தைத் திருத்தி அமைத்து அனுப்பியிருக்கிறான். முடிந்தது. 1974-ன் ‘காட்ஃபாதர் 2’-வில் மைக்கேல் கார்லியோனி தன் சொந்த அண்ணன் ஃபிரெடோவைக் கொல்ல ஆள் வைக்கிறான். நெஞ்சு அடைத்துப்போகிறது, ஆனால் மைக்கேல் அப்படிச் செய்ய மாட்டான் என்று ஒருவருக்கும் சொல்லத் தோன்றவில்லை. முதல் பாகத்தின் கடைசியில் மனைவி முகத்தில் சாத்தப்பட்ட கதவிலிருந்தே அவன் இங்கேதான் வந்துகொண்டிருந்தான்.

லூக் விஷயத்திலும் நான் பாதி அளவு படத்தின் பக்கம்தான். ஒரு கணப் பயம், அதனால் ஓர் ஆயுள் வெட்கம் என்று காரணமாவது எழுதி வைத்தார்கள். தாய்மாமன் என்ற முறையில்தான் மன்னிக்க முடியவில்லை.

‘இந்தியன் 2’ முடியும்போதே மூன்றாம் பாகத்தின் முன்னோட்டத்தையும் காட்டிவிட்டார்கள். ஆகவே எழுதுகிறவர்களிடம் ஒரு விண்ணப்பம். எங்கள் தாத்தா மாறட்டும். பேசட்டும், பறக்கட்டும், தைபேயில் வர்மம் கற்றுக்கொடுக்கட்டும். அவர் ஏன் மாறினார் என்று ஒரு வரி மட்டும் எழுதிவிடுங்கள். ‘சந்துருவைக் கொன்ற நாளிலிருந்து நான் தூங்கவில்லை’ என்கிற மாதிரி ஏதாவது ஒன்று. இதைவிட நன்றாக உங்களுக்கு வரும். செட் வேண்டாம், கிராபிக்ஸ் வேண்டாம், ஒரு நாள் கால்ஷீட்டுக்கு மேல் ஆகாது. மீதியை நாங்கள் நம்பிக்கொள்கிறோம். நூறு வயதைத் தாண்டிய மனிதரை ஒற்றைச் சக்கரத்தில் நம்பியவர்கள் நாங்கள்.